அண்டியை அளந்தவர் யார்?

முந்திரிக்கொட்டை என்றால் நம் சங்கக் குடும்பங்கள் அனைவருக்கும் புரியும். கொல்லாங்கொட்டை என்றால் நெல்லைக்குத் தெற்கே உள்ளவர்களுக்குப் புரியும். அண்டி என்று சொன்னாலோ, களியக்காவிளைக்கு இருபுறமும் பிறந்தவர்களுக்கு மட்டுமே முகம் மலரும். நான் குளத்தூர்க்காரன். பாறசாலைக்கும் பூவாறுக்கும் இடையே, நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப்புறம் மலையாளப் பள்ளிக்கூடம், அந்தப்புறம் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றாயிற்று. ஆனால் இருபுறத்துப் பெண்களும் விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு நடந்து போன இடத்துக்குப் பெயர் ஒன்றுதான்: அண்டி ஆபீஸ். மேசையும் நாற்காலியும் இல்லாத ஆபீஸ் அது. தரையில் குந்தியிருந்துதான் வேலை.

இந்த ஆபீஸ்கள் பற்றி நம் குடும்பங்கள் கூடும் இடங்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. பொறியியல் படித்த இளைஞர்கள், “நம்மவர்கள் காலத்தோடு மெஷின் வாங்கவில்லை, அதனால் தொழில் வியட்நாமுக்குப் போய்விட்டது” என்கிறார்கள். அந்த ஆபீஸ்களில் வேலை பார்த்த வீடுகளிலிருந்து வந்தவர்களோ, “மெஷின் வந்ததால்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலை போயிற்று” என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு தரப்பாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மெஷினைச் செய்வதற்கு முன் அந்தக் கொட்டையை அளந்தவர் யார்? எந்தக் கொட்டையை அளந்தார்? யாருக்காக அளந்தார்? ஒரு தொழிற்கல்வி நிறுவனத்தின் பட்டறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன். படிப்பவர்களுக்குச் சிறிது பொறுமை வேண்டும். கொட்டைக்குள்ளே கொஞ்சம் புகுந்து பார்த்துத்தான் வெளியே வர முடியும்.

பழத்தின் கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பது உலகமெங்கும் உள்ள வேலை. வாதுமையையும் ஆப்ரிகாட் கொட்டையையும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு உடைக்கிறார்கள். அவற்றின் ஓடு காய்ந்த மரம் போன்றது. அழுத்தினால் ‘படீர்’ என்று வெடிக்கும். அண்டி அப்படிப்பட்ட சாது அல்ல. பச்சை அண்டியை அழுத்திப் பாருங்கள், தோல் செருப்பைப் போல் வளைந்து கொடுக்கும். அதன் ஓடு மூன்று அடுக்காக இருக்கிறது. வெளியே வழவழப்பான தோல். உள்ளே கடினமான ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவே தேன்கூடு போல் துளைதுளையாக ஒரு பகுதி. அந்தத் துளைகளில்தான் எண்ணெய் நிற்கிறது. மொத்தக் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் கொட்டையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ அந்த எண்ணெயே இருக்கும். நாம் தின்கிற பருப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். பாக்கியெல்லாம் ஓடு.

அந்த எண்ணெயை எங்கள் ஊரில் கறை என்போம். சிறுவயதில் அண்டி சுட்டுத் தின்றவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். உதட்டோரம் வெந்து, தோல் உரிந்து, வீட்டில் அடியும் வாங்கியிருப்பார்கள். அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். கூடவே கார்டால் என்ற பொருளும் உண்டு. தோலைப் பொசுக்குவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. மாவும் கொல்லாமாவும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பத்து மரங்கள். சேராங்கொட்டைப் பாலை வண்ணான் துணிக்குக் குறியிடப் பயன்படுத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பங்காளிதான் இந்தக் கறை. சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறுகிறது. அதை வாகனங்களின் பிரேக் பட்டைக்கும் வண்ணப்பூச்சுக்கும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆக, ஆலைக்காரருக்குக் காசு, தல்லுகிற பெண்ணுக்குப் புண்.

தல்லு என்பது ஓட்டை உடைக்கும் வேலை. அண்டி ஆபீஸில் வறுப்பு, தல்லு, பீலிங், கிரேடிங் என்று நான்கு பெரிய பிரிவுகள். வறுப்பில் ஆண்கள், மற்ற மூன்றிலும் பெண்கள். தொழிலாளர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பெண்களே. 1920-களில் கொல்லத்தில் இந்தத் தொழில் வேரூன்றிய நாள் முதல் நிலை இதுதான். தல்லுக்கும் பீலிங்குக்கும் எடுத்துக் கொடுத்த பருப்பின் எடைக்கு ஏற்பக் கூலி, கிரேடிங்குக்கு நாட்கூலி. என் சித்தி தல்லுக்காரி. ஒரு கல், ஒரு மரச்சுத்தி, ஒரு சிரட்டையில் சாம்பல். கறை ஒட்டாமல் இருக்கக் கையைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். தேர்ந்த ஒருத்தி நிமிடத்துக்குச் சுமார் பத்துக் கொட்டை உடைப்பாள் என்று உலக உணவு வேளாண் அமைப்பின் சிறுதொழில் கையேடு கணக்கிடுகிறது. எட்டு மணி நேரத்தில் 4,800 கொட்டை, கிடைப்பது சுமார் ஐந்து கிலோ பருப்பு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு முழுப்பருப்பு.

அந்தத் தொண்ணூறு என்ற எண்ணைக் கவனியுங்கள். இந்தத் தொழிலின் இலாபமும் நட்டமும் அதில்தான் இருக்கின்றன. பருப்பைப் பவுண்டுக்கு எத்தனை என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320-க்கு மேற்படாத முழுப்பருப்பு. டபிள்யூ 180 என்றால் இன்னும் பெரியது, விலை அதிகம். பிளந்ததும் உடைந்ததும் படிப்படியாக விலை இறங்கி, கடைசியில் பாயசத்துக்கும் பிஸ்கட்டுக்கும் போகும் நொய்யாகி விடும். அதே மரம், அதே கொட்டை, அதே சுவை. உடைந்தது என்ற ஒரே காரணத்தால் மதிப்பு குறைகிறது. எனவே ஒரு மெஷின் எத்தனை வேகமாக உடைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை பருப்பை உடைக்காமல் விடுகிறது என்பதே முதல் கேள்வி.

சித்தி இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஒருமுறை அவரிடம் எந்த இடத்தில் அடிப்பீர்கள் என்று கேட்டேன். “மக்கா, அண்டியப் படுக்கப் போட்டு அடிச்சா உள்ள பருப்பு பொடிஞ்சுபோவும். விளிம்புல நிறுத்தி அடிக்கணும். ஒரு அடி, கூடிப்போனா ரெண்டு அடி. மூணாவது அடிச்சா அது தல்லு இல்ல, தேங்கா உடைக்கது” என்றார். இன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தைப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எழுதினால் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? கொட்டையின் நீளம், அகலம், கனம் ஆகிய மூன்று திசைகளிலும் தனித்தனியே அழுத்தம் கொடுத்து, எத்தனை நியூட்டன் விசையில் ஓடு விரிகிறது, விரியும் முன் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று வரைபடம் போடுவார்கள். உள்ளே ஓட்டுக்கும் பருப்புக்கும் உள்ள இடைவெளியைவிட அந்த அமுங்கல் அதிகமானால் பருப்பு நசுங்கும். சித்தி சொன்னதும் இதுதான். அவர் கையில் எண் இல்லை. கூலியில் பிடித்தம் இருந்தது, அதனால் துல்லியம் இருந்தது.

கொட்டையை அளப்பது என்றால் உடைவிசை மட்டுமல்ல. ஒவ்வொரு குணமும் மெஷினின் ஒவ்வோர் உறுப்போடு கட்டப்பட்டிருக்கிறது. மேலே கொட்டையைக் கொட்டும் தொட்டிக்கு எத்தனை சாய்வு வைப்பது? கொட்டையைக் குவித்தால் அது தானாகச் சரிந்து எந்தக் கோணத்தில் நிற்கிறது, தகரத்தின் மேல் எந்தச் சாய்வில் வழுக்கத் தொடங்குகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் வைத்தால் தொட்டியில் கொட்டை பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒருத்தி கம்பை வைத்துக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். அண்டி உருண்டை அல்ல, சிறுநீரக வடிவம். ஆகவே கோலிக்குண்டு போல் உருளாது, ஓரளவு உருண்டு ஓரளவு வழுக்கும். இந்த உருண்டைத்தன்மையைக் கணக்கில் எடுக்காத சல்லடை, பெரிய கொட்டையைச் சிறியது என்று அனுப்பிவிடும். ஒரு கன அடிக் குவியலின் எடையும், கொட்டையின் சொந்த அடர்த்தியும் தெரிந்தால்தான் குவியலுக்குள் எவ்வளவு காற்றிடம் இருக்கிறது என்பது தெரியும். அது தெரிந்தால்தான் உலர்த்தும் அறையில் காற்றை எவ்வளவு வேகத்தில் ஊதுவது என்று சொல்லலாம். நல்ல கொட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், சொத்தை மிதக்கும் என்பது கொட்டை வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அடர்த்தி என்ற பெயர் அறியாத அடர்த்திச் சோதனை அது.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது ஈரப்பதம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அண்டித் தொழிலின் இரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஓடு உடைய வேண்டுமானால் அது முறுமுறுப்பாக இருக்க வேண்டும். பருப்பு உடையாமல் இருக்க வேண்டுமானால் அது கொஞ்சம் துவள வேண்டும். ஒரே கொட்டைக்குள் ஒன்று வறண்டும் மற்றொன்று பதமாகவும் இருக்க வேண்டும்! இதற்காக வறுப்பதற்கு முன் கொட்டையில் தண்ணீர் தெளித்து ஊறப் போடுகிறார்கள். ஈரம் உள்ளே சென்ற பின் சட்டென்று கடுஞ்சூடு காட்டுகிறார்கள். உருளையில் வறுத்தால் கொட்டையே தீப்பற்றி எரியும்; புகை ஊரைச் சூழும். எண்ணெயிலேயே வறுக்கும் முறையில், அதே கறை எண்ணெயை இருநூறு டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அதனுள் ஒன்றரை நிமிடம் போல் கொட்டையை நடத்திச் செல்வார்கள். ஓட்டிலுள்ள அறைகள் வெடித்து எண்ணெய் வெளியேறும், ஓடு முறுகும், அந்தக் குறுகிய நேரத்தில் பருப்பு வரை சூடு போய்ச் சேர்வதில்லை. பிற்காலத்தில் வந்தது ஆவியில் அவிக்கும் முறை. அவித்து, ஒரு நாள் ஆறப்போட்டு, காலால் மிதித்துக் கையால் திருகும் கத்திமெஷினில் ஒவ்வொன்றாக வைத்து வெட்டுவார்கள்.

ஓடு நீங்கிய பின் கதை தலைகீழாகிறது. இப்போது பருப்பின் மேலிருக்கும் செந்தோலை உரிக்க வேண்டும். அதற்காகப் பருப்பைப் போர்மாவில் வைத்துப் பல மணி நேரம் மிதமான சூட்டில் உலர்த்துவார்கள். (பேக்கரியில் ரொட்டி சுடும் அடுப்புக்கும் இந்நாட்டில் போர்மா என்றே பெயர்.) உலர்ந்த பருப்பு சுருங்கி, தோல் கழன்று நிற்கும். ஆனால் அந்நிலையில் பருப்பு கண்ணாடி போல் நொறுங்கும். பீலிங்காரப் பெண் நகத்தாலும் சிறு கத்தியாலும் உரித்து எடுத்ததும், பெட்டியில் அடைக்கும் முன் மறுபடியும் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஈரம் கூட்டு, ஈரம் குறை, மறுபடி ஈரம் கூட்டு. தோட்டத்திலிருந்து பெட்டி வரை இதே ஆட்டம்தான். சித்தி வேலைக்குப் போன காலத்தில் இடவப்பாதி மழை தொடங்கியதும் “இன்னைக்குக் கொட்டை சொன்ன பேச்சுக் கேக்காது” என்பார். பச்சைக்கொட்டை அடுக்கிய கிடங்கில் காற்று ஈரமானால் உராய்வு மாறும், அடி விழ வேண்டிய வேகம் மாறும், எல்லாமே மாறும் என்பதைப் பொறியியல் ஏடுகள் அட்டவணை போட்டுச் சொல்கின்றன. கர்நாடகத்தில் புத்தூரில் 1986-இல் தொடங்கப்பட்ட தேசிய முந்திரி ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய அளவீடுகள் நடந்துள்ளன. நைஜீரியாவிலும் நடந்துள்ளன. ஆய்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வு தல்லுக்காரியின் கல்லுக்கு அருகே வந்து உட்கார்ந்ததா என்பதே என் கேள்வி.

அளக்காமல் மெஷின் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. தான்சானியா 1973-74-இல் சுமார் 1,45,000 டன் முந்திரிக்கொட்டை விளைவித்த நாடு. அந்தக் கொட்டையில் பெரும்பங்கு கப்பலேறிக் கொல்லத்துக்கு வந்து, நம் பெண்களின் கையால் உடைந்து, அமெரிக்காவுக்குப் போயிற்று. நாமே உடைத்தால் என்ன என்று அந்நாடு எண்ணியது நியாயமே. உலக வங்கிக் கடனும் வாங்கி, இத்தாலிய, ஜப்பானிய இயந்திரங்களோடு பன்னிரண்டு ஆலைகள் எழுந்தன. கொட்டையை அளவுவாரியாகப் பிரித்து, ஓட்டின் வடிவத்துக்கு வளைந்த கத்திகளால் வெட்டுவது இத்தாலிய முறை. கத்திக்கு ஒரு கணக்கு. கொட்டைக்கோ ஆயிரம் கணக்கு. முழுப்பருப்பு விகிதம் இந்தியக் கைக்கு ஈடு கொடுக்கவில்லை. உதிரிபாகத்துக்கு அயல்நாட்டுப் பணம் வேண்டும். இதற்கிடையில் விளைச்சலும் சரிந்து, 1986-87-இல் இருபதாயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. அச்சரிவுக்கு மக்களை ஊர்மாற்றிக் குடியமர்த்திய கொள்கை, விலைக்குறைவு, சாம்பல் நோய் என்று வேறு காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் மெஷின் தலையில் போடுவது தவறு. ஆனால் ஆலைகள் பூட்டிக் கிடந்தன, கொட்டை மீண்டும் இந்தியாவுக்கே கப்பலேறியது என்பது வரலாறு.

வியட்நாம் எப்படி வென்றது? அவர்களும் ஆப்பிரிக்கக் கொட்டையைத்தான் பெருமளவில் இறக்கி உடைக்கிறார்கள். 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டார்கள். அவர்கள் வெற்றியில் கூலி, அரசு ஊக்கம் என்று பல உண்டு. பட்டறைக்காரன் கண்ணுக்குப் படுவது வேறொன்று. ஆலைகளுக்குப் பக்கத்திலேயே உள்ளூர் இரும்புப் பட்டறைகள் இருந்தன. ஒரு லாட் கொட்டை கத்தியில் நசுங்கினால் அடுத்த லாட்டுக்குள் கத்தியைத் திருத்தக்கூடிய ஆள் நடந்து வரும் தூரத்தில் இருந்தான். மெஷின் என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளல்ல, கொட்டையோடு கூடவே வளரும் பொருள். ஆகவே “வியட்நாம் மெஷினை வாங்கி வைத்தால் போதும், அளவெடுப்பது வீண்வேலை” என்று சொல்லும் நம் இளைஞர்களுக்கு என் பதில் இதுதான்: நீங்கள் மெஷினை வாங்கலாம், அந்தப் பட்டறையை வாங்க முடியாது.

நம் பக்கத்துக் கதை வேறு வழியில் போயிற்று. கேரள அரசு 1969-இல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தையும் 1984-இல் கூட்டுறவு அமைப்பான காப்பெக்ஸையும் ஏற்படுத்தியது. தொழிற்சங்கங்கள் வலுவடைந்தன, குறைந்தபட்சக் கூலி நிர்ணயமாயிற்று. கூலி உயர்ந்தபோதெல்லாம் தனியார் முதலாளிகள் சிலர் எல்லை தாண்டி விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் ஆபீஸ் திறந்தார்கள். கோட்டுக்கு அந்தப்புறம் கூலி குறைவு என்பதே காரணம். ஆக, எல்லைக்கோடு எங்கள் பெண்களை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கியது. ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே திருவிழாவுக்குப் போகும் பெண்கள்! 2015-க்குப் பின் கேரளத்தில் தனியார் ஆலைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. கழகத்தின் ஆலைகளிலும் ஆண்டில் சில மாதங்களே வேலை என்ற நிலை பல ஆண்டுகளில் வந்தது.

வேலை நாள் குறைவது என்றால் கூலி மட்டும் குறைகிறது என்று நினைக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவிப் பணம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். எழுபத்தெட்டாம் நாள் வருவதற்குள் ஆபீஸ் பூட்டப்பட்டால், முப்பது ஆண்டு குந்தியிருந்து முழங்காலும் இடுப்பும் போன பெண் படுத்துவிட்டால் கையில் எதுவும் வராது. மெஷின் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 78-ஐயும் தங்கள் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. உடைவிசை எத்தனை நியூட்டன் என்று கேட்பது போலவே, இந்த மெஷின் வைத்தால் எத்தனை பேருக்கு 78 நாள் நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் மெஷின் வேண்டாமா? வேண்டும். கையால் தல்லுவதைப் பழம்பெருமை என்று போற்றுவோர் ஒருநாள் அந்தப் புகையில் உட்கார்ந்து பார்க்கட்டும். கறை தின்ற விரல்களோடு சோறு பிசைய முடியாமல், கரண்டியால் சாப்பிட்ட பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் மெஷின் எந்த வரிசையில் வருகிறது என்பதில்தான் நீதி இருக்கிறது. முதலில் வர வேண்டியது வறுப்பிலும் தல்லிலும்; அங்கேதான் நெருப்பும் நஞ்சும் இருக்கின்றன. அங்கே கறை படாமல் கொட்டையைப் பிடித்துக் கொடுக்கும் ஓர் எளிய கருவி, கைமுட்டியளவு அகலத்தில் ஒரு மறைப்பு, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் உயரம், இவை பெரிய செலவில்லாதவை. ஆனால் நடைமுறையில் முதலாளிகள் ஆவலோடு வாங்கியவை என்ன? காற்றை ஊதித் தோல் நீக்கும் பீலிங் மெஷினும், கேமரா வைத்து நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்ட்டரும். ஆபத்துக் குறைந்த, வயதான பெண்களும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளைத்தான் அவை முதலில் எடுத்துக்கொண்டன. கணக்குப் பார்த்தால் அதில் முதலாளிக்கு இலாபம் இருக்கலாம். எனக்கு அது வரிசை தப்பியதாகவே தெரிகிறது.

இதற்கு ஒரு நண்பர் ஆட்சேபம் சொன்னார்: “உலகச் சந்தையில் விலை நிர்ணயிக்கிறவன் நீதி பார்த்து வாங்குவதில்லையே?” உண்மை. ஆனால் உலகச் சந்தை ஒன்றைப் பார்க்கிறது: முழுப்பருப்பு. நம் வீட்டுப் புரையிடத்தில் நிற்கும் கொல்லாமாவுகள் ஒட்டுமரங்கள் அல்ல, விதையில் முளைத்தவை. ஒரு மரத்துக் கொட்டை போல் அடுத்த மரத்துக் கொட்டை இராது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற இரகங்களில் கொட்டை பெரியது, ஏழு கிராம் அளவில் இருக்கும். ஐவரி கோஸ்ட்டிலிருந்து வரும் மூட்டையில் இன்னொரு அளவு. இந்த மூன்றையும் ஒரே கத்தியில் விட்டால் மூன்றும் கெடும். எண்பது கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் பார்த்துத்தான் வியாபாரிகள் கொட்டை வாங்குகிறார்கள். கத்தி இடைவெளியில் அரை மில்லிமீட்டர் தப்பினால் அந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துபோகும். அளவெடுத்துச் செய்த, திருத்திக்கொள்ளக்கூடிய சிறு மெஷின் என்பது இரக்கத்துக்காகக் கேட்பது அல்ல. அது வியாபாரமும்கூட.

நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை இன்று பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகளே பலர் இறுதியாண்டில் என்ன திட்டப்பணி செய்வது என்று தெரியாமல், காசு கொடுத்து ஆயத்தத் திட்டம் வாங்கி அட்டை போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மாசி முதல் சித்திரை வரை அண்டி விழும் காலம். தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஐந்து மரங்களிலிருந்து நூறு நூறு கொட்டை பொறுக்குங்கள். ஒவ்வொன்றின் நீளம், அகலம், கனம், எடை நான்கையும் குறியுங்கள். தகரத்தின் மேலும் பலகையின் மேலும் வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கி, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பாருங்கள். ஊற வைத்து மறுபடியும் பாருங்கள். கல்லூரியில் இரும்புக் கம்பியை இழுத்துச் சோதிக்கும் எந்திரம் இருக்கும். அதிலேயே கொட்டையைப் படுக்கவும் நிறுத்தியும் வைத்து அழுத்திப் பாருங்கள். உடைத்தபின் எத்தனை பருப்பு முழுதாக வந்தது என்று எண்ணுங்கள். பிறகு ஊரில் தல்லு வேலை செய்த பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உடைப்பதில் எத்தனை முழுதாக வருகிறது என்றும் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் அருகருகே எழுதுங்கள். இடையிலுள்ள வேறுபாடுதான் நீங்கள் செய்யவேண்டிய மெஷினின் வேலை.

அப்படி எழுதும்போது தமிழிலேயே எழுதலாம் என்பதும் என் ஆசை. உராய்வுக் கெழு, குவியல் அடர்த்தி என்றெல்லாம் கலைச்சொல் இருக்கிறது, நல்லதே. ஆனால் தல்லு, கறை, போர்மா, தொலி என்ற சொற்கள் அகராதி செய்தவர்களின் காதுக்கு எட்டவில்லை, பாதி மலையாளம் என்று தள்ளியும் வைப்பார்கள். எல்லையோரத்தில் தொழில் செய்தவர்களின் சொல் எல்லை பார்த்து வராது. அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதினால்தான் பட்டறைக்காரனும் தல்லுக்காரியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள். அண்டியோடு நிறுத்தவும் வேண்டாம். குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரை மேட்டிலும் ரப்பர்க்காய் பொறுக்கி விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடலோரத்தில் புன்னைக்காய் கிடக்கிறது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பைச் சாக்லேட் செய்கிறவர்கள் வாங்குகிறார்கள். எல்லாமே ஓட்டுக்குள் இருப்பவை, எல்லாவற்றையும் இன்னும் பெண்கள் கல்லில் வைத்துத்தான் உடைக்கிறார்கள்.

கூட்டுறவுச் சங்கங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு மெஷின் செய்தாலும் அது ஒரு முதலாளியின் கொட்டகையில் போய் நின்றால் பழைய கதைதான். பத்துத் தல்லுக்காரிகள் சேர்ந்து சொந்தமாக வைத்து, தங்கள் ஊர்க் கொட்டையைத் தாங்களே உடைத்து விற்கும் அளவில் அது அமைய வேண்டும். வீட்டில் வறுத்து உடைக்கும் குடிவறுப்பு ஒரு காலத்தில் பெண்களைச் சுரண்டும் வழியாக இருந்தது. ஆலைச் சட்டத்துக்கு டிமிக்கி கொடுக்க முதலாளிகள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பயம் தொழிற்சங்கத்தாருக்கு இன்றும் உண்டு, அது நியாயமான பயம். மெஷின் பெண்களின் பெயரில் பதிவாகி, வரவு செலவுப் புத்தகமும் அவர்கள் கையில் இருந்தால் அது குடிவறுப்பு ஆகாது.

சித்திக்கு இப்போது எண்பதுக்கு மேல் வயது. கண் மங்கிவிட்டது. ஆனால் கையில் ஓர் அண்டியைக் கொடுத்தால் உருட்டிப் பார்த்து, இது இளசு, இது சொத்தை, இது அந்த மேட்டு மரத்துக் கொட்டை என்று சொல்லிவிடுவார். இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டு கழித்து இருப்பார்களா என்பது சந்தேகம். வரும் அண்டிக் காலத்தில் அளவெடுக்க முன்வரும் மாணவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். என்னிடம் நல்ல நிலையில் இரண்டு வெர்னியர் காலிப்பரும், பத்தில் ஒரு கிராம் காட்டும் ஒரு தராசும் இருக்கின்றன. திருப்பித் தருவதாக இருந்தால் இரவல் தருவேன்.